ஒழுகுற பாத்ரூமுக்கு யார் சாட்சி சொல்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லெட்டர் கொஞ்சம் நீளமாத்தான் வந்துருக்கு, இடம் இல்லைன்னா வெட்டிக்குங்க, ஆனா கேசரி பவுடர் விஷயத்த மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க, அது நாலு பேருக்கு உதவும்.

நான் குரோம்பேட்டையில ஒரு பழைய ஃபிளாட்ல இருக்கேன். 2003-ல கட்டுனது, மொத்தமே எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது, நாங்க செகண்ட் ஃப்ளோர். உங்க பேப்பர்ல ரோட்டுல பள்ளம், தெருவிளக்கு எரியல, குப்ப வண்டி நாலு நாளா வரலன்னு தினம் லெட்டர் வருது, நானும் விடாம படிக்கிறவதான். ஆனா வீட்டுக்குள்ள டைல்ஸுக்கு அடியில நடக்குற கூத்த பத்தி யாரும் எழுதி நான் பாக்கல. ரோட்டுல பள்ளம்னா மாநகராட்சிய திட்டலாம், இதுக்கு யார திட்டுறதுன்னே தெரியாம அவங்கவங்க வாய மூடிட்டு செலவு பண்ணிட்டு போயிடுறாங்க போல.

2024 ஜூன் மாசம் எங்க அட்டாச்டு பாத்ரூம புதுசா மாத்துனோம். பழைய ஜிஐ பைப்பு எல்லாம் துரு புடிச்சு, நம்ம ஏரியா போர் தண்ணி வேற உப்பு, ஷவர்ல தண்ணி நூல் மாதிரி வந்துட்டு இருந்துச்சு. தெரிஞ்சவங்க மூலமா ஒரு காண்ட்ராக்டர் வந்தாரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்லா பேசுவாரு. சுவத்துல எல்லா லைனும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பு, புது டைல்ஸ், தரைத் தண்ணி வெளிய போற ஓட்டைக்கு புது நஹானி டிராப், வாட்டர் ப்ரூஃபிங், எல்லாம் சேத்து 62 ஆயிரம்னாரு. கொட்டேஷன் எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். "சார் இல்லையாம்மா, சார்கிட்ட பேசிக்கிறேன்"னாரு. சார் துபாய்ல இருக்காரு, வீட்டு வேலைய பாக்குறது நான்தான்னு சொன்னதும் ஒரு வாட்சப் மெசேஜ் அனுப்பிச்சாரு, அதுல "பாத்ரூம் ஃபுல் ஒர்க் 62000"ன்னு நாலே வார்த்தை. வாட்டர் ப்ரூஃபிங்ங்குற சொல்லே அதுல இல்ல, அன்னைக்கு அது என் கண்ணுல படல. பில் வேணும்னு கேட்டா "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும் மேடம், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு"ன்னு எனக்கு நல்லது பண்ற மாதிரி சொன்னாரு. நானும் மிச்சம்னு நெனச்சேன். அட்வான்ஸ் 30, நடுவுல 20, டைல்ஸ் ஒட்டி க்ரௌட் போட்ட அன்னிக்கே மீதி 12-உம் ஜிபேல போட்டுட்டேன். அஞ்சு வருஷம் கேரண்டி மேடம்னு வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே சொல்லிட்டு போனாரு.

மூணாவது வாரம் கீழ் வீட்டு அக்கா மேல ஏறி வந்தாங்க. முட்டி வலிக்காரங்க, மாடி ஏறவே மாட்டாங்க, அவங்களே வந்து நிக்கும்போது எனக்கு வயித்துல புளிய கரைச்சது. அவங்க கிச்சன் சீலிங்ல, சரியா கேஸ் அடுப்புக்கு மேல, ஒரு தோசை அளவுக்கு ஓதம் புடிச்சு பட்டி உப்பி உரிஞ்சு தொங்குது, அதுல இருந்து சொட்டு சொட்டா பால் பாத்திரத்துலயே விழுதாம். பாத்ரூம் தண்ணி பால்ல விழுந்தா யாருக்குத்தான் கோவம் வராது. அவங்க அன்னிக்கு கோவப்படல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா போச்சு. ஒரு அலுமினிய தட்ட அடுப்புக்கு மேல கயிறு கட்டி தொங்கவிட்டுட்டு அடியில சமையல் பண்ணாங்க. நிமிஷத்துக்கு 60 சொட்டுன்னு வச்சாலும் ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல வருது, நான் டம்ளர் வச்சு அளந்தே பாத்தேன்.

காண்ட்ராக்டருக்கு போன் பண்ணேன், வந்தாரு, வரலன்னு சொல்ல மாட்டேன். முதல் தடவை வந்து டைல்ஸ் ஜாயின்ட்ல வெள்ளை சிமெண்ட் தேச்சுட்டு போனாரு. பத்து நாள் கழிச்சு மறுபடி, சிலிக்கான் ட்யூப் வாங்கி வெஸ்டர்ன் டாய்லெட்ட சுத்தி அடிச்சாரு, அதுக்கு 850 ரூபா என்கிட்டயே வாங்குனாரு. மூணாவது தடவை பையன மட்டும் அனுப்புனாரு, அந்தப் பையன் பாத்துட்டு "பில்டிங் பழசு ஆன்ட்டி, ஸ்லாப்ல ஏர் கிராக் இருக்கும்"னு சொல்லிட்டு டீ குடிச்சுட்டு போயிட்டான். அக்டோபர்ல மழை ஆரம்பிச்சதும் அவருக்கு ரொம்ப வசதியா போச்சு, "அது மழைத் தண்ணிம்மா, மொட்ட மாடியில இருந்து இறங்குது"ன்னாரு. எங்க வீட்டுக்கு மேல இன்னொரு ஃப்ளோர் இருக்கு, அவங்க வீட்டுல சொட்டாம அத தாண்டி எப்படிங்க மழை இறங்கும்னு கேட்டேன், அதோட போன் எடுக்குறத நிறுத்திட்டாரு. வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டா எடுப்பாரு, என் குரல் கேட்டதும் டவர் இல்லாம போயிடும்.

இதுல ஒரு விஷயம் சொல்லணும், அந்தக் காண்ட்ராக்டர் தம்பி சொன்ன காரணம் எல்லாமே பொய்யும் இல்ல. பழைய ஃபிளாட்ல பாத்ரூம் ஸ்லாப்ப ஒரு அடி பள்ளமா இறக்கித்தான் போட்டுருப்பாங்க, சங்கன் ஸ்லாப்னு சொல்றாங்க. அந்தப் பள்ளத்துல பைப்ப ஓட்டி, மேல செங்கல் உடைசல், ஜல்லி, மணல்னு கொட்டி ரொப்பி, அதுக்கு மேலதான் டைல்ஸ். எங்கயாச்சும் கசிஞ்சா தண்ணி உடனே கீழ சொட்டாது, அந்த செங்கல் உடைசல் ஸ்பாஞ்சு மாதிரி குடிச்சு வச்சுக்கும், நாம நிக்கிறது தரை மேல இல்ல, ஒரு குட்டி தொட்டி மேலன்னு வச்சுக்கோங்க. நெறஞ்சப்புறம்தான் ஒழுகும். அதே மாதிரி கசிவ சரியா அடைச்சுட்டா கூட தேங்குன தண்ணி வடியுற வரைக்கும் நாள் கணக்குல, சில வீட்டுல வாரக் கணக்குல சொட்டிக்கிட்டேதான் இருக்கும். அதனால "பழைய தண்ணி இறங்குதும்மா, பொறுங்க"ன்னு ஒழுங்கா வேல பாத்தவரும் சொல்லுவாரு, ஏமாத்துறவரும் அதே வார்த்தையத்தான் சொல்லுவாரு. கீழ நின்னு அண்ணாந்து பாக்குற நமக்கு ரெண்டும் ஒரே சொட்டுதான்.

அப்புறம் டிசம்பர்ல பல்லாவரம் பக்கம் இருந்து இன்னொரு பிளம்பர் அண்ணன் வந்தாரு, அறுபது வயசு இருக்கும், பேச்சு கம்மி. வந்த உடனே சுத்தியல எடுக்கல, அதுவே எனக்கு ஆச்சரியம். அந்த பாத்ரூம ரெண்டு வாரம் பூட்டி வையுங்க, ஒரு சொட்டு தண்ணி ஊத்தக் கூடாது, ஆனா பைப்பு வால்வ மட்டும் தொறந்தே வச்சுருங்கன்னாரு. ஏன்னு கேட்டேன். சுவத்துக்குள்ள வர்ற லைன்ல எப்பவும் டேங்க் தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும், அது கசிஞ்சா நீங்க குளிச்சாலும் குளிக்கலனாலும் சொட்டும், வெளிய போற லைன் கசிஞ்சா நீங்க ஊத்துனா மட்டும்தான் சொட்டும், தேங்குனது வடிஞ்சதும் நின்னுடும்னாரு. எவ்வளவு சிம்பிள் பாருங்க, ஆறு மாசமா ஒருத்தர் கூட இத சொல்லல. ரெண்டாவது நாள் நிக்கல, அஞ்சாவது நாள் நிக்கல, எனக்கு நம்பிக்கையே போயிடுச்சு, ஒன்பதாவது நாள் காலைல கீழ் வீட்டு அக்கா போன் பண்ணி "தட்டு காஞ்சு கெடக்குடி"ன்னாங்க.

அதுக்கப்புறம்தான் கேசரி பவுடர். அண்ணன் வந்து மொதல்ல சுவத்து லைனுக்கு கையால அடிக்கிற டெஸ்டிங் பம்ப மாட்டி 10 கிலோ ப்ரஷர் ஏத்தி அரை மணி நேரம் விட்டாரு, முள் அசையவே இல்ல. அந்தக் காண்ட்ராக்டர் தம்பி போட்ட சிபிவிசி லைன் நல்லாத்தான் இருந்துச்சு, அத ஒத்துக்கணும். அப்புறம் "வீட்ல கேசரி பவுடர் இருக்காம்மா"ன்னாரு. நான் ஏதோ ஸ்வீட் கேக்குறாருன்னு நெனச்சுட்டேன். ரெண்டு பக்கெட் தண்ணியில பவுடர கரைச்சு, தரையில ஊத்தாம, ஒரு ஓஸ விட்டு நேரா டிராப் ஓட்டைக்குள்ள மட்டும் மெதுவா ஊத்துனாரு. தரையில ஊத்துனா டைல்ஸ் இடுக்குல இறங்குச்சா பைப்புல இறங்குச்சான்னு குழம்பிடுமாம். காலைல பதினோரு மணிக்கு ஊத்துனது, சாயங்காலம் நாலு மணிக்கு கீழ் வீட்டு அடுப்புக்கு மேல ஆரஞ்சு கலர்ல ஒரு சொட்டு வந்து நின்னுச்சு, அது கீழ விழுறத நானும் அக்காவும் வீடியோ எடுத்தோம். அக்கா பேத்தி "பாட்டி, கேசரி மழை"ங்குது. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

தரைய ஒடச்சு பாத்தா, புது டிராப்போட வாய் 4 இன்ச், அடியில பழைய பைப்பு 3 இன்ச். நடுவுல ரெண்டு சைஸையும் இணைக்கிற ரிடியூசர்னு ஒன்னு போட்டு சால்வென்ட் பசை தடவி ஒட்டணும், நூறு நூத்தம்பது ரூபா சாமான். அதப் போடாம சும்மா மேல உக்கார வச்சுட்டு, சந்துல சிமெண்ட் சாக்கு துண்ட சுருட்டி திணிச்சு மேல சிமெண்ட்ட பூசி விட்டுருக்காங்க. அந்த சாக்க உருவி எடுத்தா அதுல இருந்த கம்பெனி எழுத்து கூட அழியல, ஈரமா கைல பிசுபிசுன்னு வந்துச்சு. பிவிசி பைப்பு வழவழன்னு இருக்குறது, சிமெண்ட் அதுல புடிக்கவே புடிக்காது, வெந்நீர் போகப் போக பைப்பு விரியும் சுருங்கும், கொஞ்ச நாள்ல விட்டுடும்னு அண்ணன் சொன்னாரு. வாட்டர் ப்ரூஃபிங் கோட்டிங் தேடித் தேடி பாத்தோம், டைல்ஸுக்கு அடியில வெறும் சிமெண்ட் கலவைதான், ஒரு பொட்டு கூட கிடையாது. போற லைனுக்கு அடிக்கு கால் இன்ச்சாவது வாட்டம் இருக்கணும், இங்க கிட்டத்தட்ட மட்டமா கெடந்துச்சு, அது 2003-ல கட்டுனவங்க செஞ்ச தப்பு, இவர் மேல போட முடியாது.

இனிமேதான் நான் இந்த லெட்டர் எழுதுன காரணமே. இந்த வேலைய சரி பண்ண 38 ஆயிரம், கீழ் வீட்டு சீலிங் உரிச்சு பூசி பெயிண்ட் அடிக்க 9 ஆயிரம், ஆக 47 ஆயிரம். இத அந்தக் காண்ட்ராக்டர்கிட்ட கேக்கணும்னு நெனச்சப்பதான் வசமா மாட்டுனேன். அவர் வந்து பாத்து ஒத்துக்குற வரைக்கும் ஒடச்சத அப்படியே வச்சுருக்கணும், இல்லன்னா "நீங்க வேற ஆள விட்டு ஒடச்சதுலதான் போச்சு"ன்னு சொல்லிடுவாரு. அப்படியே வச்சா கீழ் வீட்டுக்கு ஒழுகும், டிராப்ப மூடலன்னா கரப்பான்பூச்சியும் நாத்தமும் வீடு பூரா. சரி பண்ணிட்டா சாட்சியே போச்சு. எந்தக் கேஸ்லயாவது ஆதாரத்த நாமளே கொத்தி எடுத்து குப்பையில போடுற மாதிரி கேள்விப்பட்டுருக்கீங்களா, இந்த பிளம்பிங் கேஸ்ல மட்டும்தான். சரி, நீங்க பாத்தத ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்கண்ணேன்னு அந்த பல்லாவரம் அண்ணன்கிட்ட கேட்டேன். நல்ல மனுஷன்தான், தலைய சொறிஞ்சாரு. "தொழில்காரன் மேல தொழில்காரன் எழுதித் தரக் கூடாதும்மா, நாளைக்கு நானும் அதே ஹார்ட்வேர் கடையிலதான் நிக்கணும்"னுட்டாரு. அவர் மேல எனக்கு கோவமே இல்ல. கடைசில போட்டோ, வீடியோ, பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுத்த 4 இன்ச் 3 இன்ச் படம், அந்த சாக்கு துண்ட ஜிப் லாக் கவர்ல போட்டு வச்சது, இதுதான் எங்கிட்ட இருக்குற மொத்த ஆதாரம்.

எங்க அண்ணன் பையன் சட்டம் படிக்கிறான், அவன் சொல்லித்தான் பல விஷயம் தெரிஞ்சுது. காசு வாங்கிட்டு செய்யுற வேலையில குறை இருந்தா அது நுகர்வோர் சட்டத்துல வரும், வீடு கட்டிக் குடுக்குறதும் சர்வீஸ்தான்னு சுப்ரீம் கோர்ட் 1993-லயே தீர்ப்பு சொல்லிடுச்சாம். இப்ப இருக்குற 2019 சட்டப்படி நாம எங்க குடியிருக்கோமோ அந்த மாவட்ட ஆணையத்துலயே புகார் குடுக்கலாம், காண்ட்ராக்டர் எந்த ஊர்ல இருந்தாலும் சரி. எங்களுக்கு செங்கல்பட்டு. நாம குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸே கிடையாது, வக்கீல் வைக்கணும்னு கட்டாயமும் இல்ல, பிரச்சினை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணா தமிழ்லயே பேசுறாங்க, பெரிய கம்பெனின்னா அவங்களே பேசி முடிச்சுக் குடுப்பாங்களாம், நம்ம ஆளுக்கு போர்டும் இல்ல ஆபீஸும் இல்ல, யார்கிட்ட பேசுறதுன்னு அவங்களே கேக்குறாங்க. புது ஃபிளாட் வாங்குனவங்களுக்கு ரெரான்னு ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கு, சாவி குடுத்த நாள்ல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள வேலையில குறை வந்தா 30 நாள்ல பில்டரே காசு வாங்காம சரி பண்ணிக் குடுக்கணும். பழைய வீட்ட ரிப்பேர் பண்றவங்களுக்கு அது கிடையாது. நாங்க எல்லாம் வாசப்படியில சொன்ன அஞ்சு வருஷ கேரண்டிய நம்பி இருக்குறவங்க.

ஸ்பீட் போஸ்ட்ல நோட்டீஸ் அனுப்புனேன். அதுக்கே அவர் வீட்டு அட்ரஸ் கண்டுபுடிக்க நான் பட்ட பாடு தனிக்கதை, வாட்சப்ல அவர் பேருக்கு பக்கத்துல "பாத்ரூம்"னு மட்டும்தான் சேவ் பண்ணி வச்சுருந்தேன். 62 ஆயிரம் ரூபா வேலைய ஒரு மனுஷன்கிட்ட குடுத்துருக்கேன், அவர் முழுப் பேர் கூட எனக்குத் தெரியல. காய்கறிக்காரம்மா பேரு ஊரு, பேரன் எந்த ஸ்கூல்னு வரைக்கும் தெரியும் எனக்கு. நோட்டீஸ் போனதுக்கப்புறம் அவரே கூப்பிட்டாரு, "கோர்ட்டுக்கு எல்லாம் எதுக்கு மேடம், ஒரு 10 ஆயிரம் தர்றேன், அதுவும் மூணு மாசத்துல"ன்னாரு. எனக்கு ஒரு நிமிஷம் வாங்கிட்டு விட்டுடலாம்னுதான் தோணுச்சு. கீழ் வீட்டு அக்கா தான் வேண்டாம்னாங்க. என் பையன உக்கார வச்சு இ-ஜாக்ரிதிங்குற நுகர்வோர் புகார் வெப்சைட்ல புகார் ஏத்தியாச்சு, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்த நாலு வார்த்தை மெசேஜும்தான் வேல குடுத்ததுக்கு ஆதாரம். யோசிச்சு பாருங்க, மீதி 12 ஆயிரத்த கையில ரொக்கமா குடுத்துருந்தா அதுக்கும் சாட்சி இல்ல.

எதிர்த்தரப்புல என்ன சொல்லுவாங்கன்னு எனக்கும் தெரியும், ஏன்னா பல்லாவரம் அண்ணனே ஒரு நாள் டீ குடிக்கும்போது மனசு விட்டு சொன்னாரு. ஒரு டாக்டர் வீட்ல வேல முடிச்சு குடுத்து 15 ஆயிரம் பாக்கி, டாய்லெட் சீட் ஒரு நூல் சாய்ஞ்சுருக்குன்னு சொல்லி எட்டு மாசம் அலைய விட்டாங்களாம், அதுக்குள்ள ஹெல்பர் கூலிய இவர் வட்டிக்கு வாங்கிக் குடுத்துருக்காரு. வீட்டுக்காரங்க மூணு கொட்டேஷன் வாங்கி, அதுல குறைச்சலான ஆள்கிட்டயே இன்னும் 5 ஆயிரம் கொறைங்கன்னு பேரம் பேசுவாங்க, அப்ப அவன் எங்க கொறைப்பான், கண்ணுக்குத் தெரியுற டைல்ஸ்லயா கொறைப்பான், டைல்ஸுக்கு அடியிலதான் கொறைப்பான். இது அவர் சொன்னது. நானும் 70-ல இருந்து 62-க்கு இழுத்தவதான், அதனால பதில் பேசாம டீய குடிச்சேன். சாமான நாமளே பாத்து வாங்கிக் குடுத்தா அதுலயும் வம்பு, ஒழுகுனா "நீங்க வாங்குன டிராப்பு சரியில்ல"ம்பாங்க, அவங்க வாங்குனா பில்லு வராது.

ஆனா ஒன்னு எனக்கு புரியவே இல்ல. வீட்டுல ஒயரிங் பண்ணணும்னா லைசென்ஸ் வச்சிருக்குறவர் கையெழுத்து இல்லாம ஈபி கனெக்ஷன் குடுக்காது. அதே வீட்டுல பைப்பு வேலைக்கு ரெஞ்சு புடிக்கத் தெரிஞ்சா போதும். ஐடிஐ-ல பிளம்பர்னு ஒரு வருஷ கோர்ஸே இருக்கு, அதுல படிச்சுட்டு வந்த பசங்களும் இருக்காங்க, நேத்து வரைக்கும் செங்கல் தூக்கிட்டு இருந்தவரும் இருக்காரு, வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு பேரும் ஒன்னுதான், ஏன்னா யாரும் கேக்கறது இல்ல. நானும் கேக்கல. லைசென்ஸ் கொண்டு வந்தா மட்டும் எல்லாம் சரியாயிடுமான்னா அதுவும் எனக்கு சந்தேகம்தான், நாளைக்கே அதுக்கும் ஒரு ஏஜென்ட் வந்து உக்காந்துக்குவான்.

அதனால நான் அரசாங்கத்துக்கிட்ட கேக்குறது லைசென்ஸ் இல்ல, ஒரு சின்ன விஷயம். சாட்சி சொல்ல ஒரு பொது ஆள் வேணும். பாலிடெக்னிக்கு, இன்ஜினியரிங் காலேஜ்ல எல்லாம் காங்கிரீட் கட்டி கொண்டு போய் குடுத்தா காசு வாங்கிட்டு டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுக்குறாங்க இல்லையா, அதே மாதிரி அங்க இருக்குற சிவில் வாத்தியாரோ ஐடிஐ பிளம்பிங் சொல்லிக் குடுக்குறவரோ, ஒரு ஆயிரம் ரெண்டாயிரம் ஃபீஸ் வாங்கிட்டு வீட்டுக்கு வந்து, ஒடச்ச இடத்த பாத்து, ப்ரஷர் போட்டு பாத்து, கலர் தண்ணி ஊத்தி பாத்து, "இந்த ஜாயின்ட் சரியா போடல" இல்லன்னா "இது பழைய பில்டிங் கோளாறு, போட்டவர் மேல தப்பு இல்ல"ன்னு ஒரே ஒரு பக்கம் தமிழ்ல எழுதி சீல் வச்சுக் குடுத்தா போதும். யார் கூப்பிட்டாலும் வரணும், காண்ட்ராக்டரும் கூப்பிடலாம், பாக்கிய குடுக்காம இழுத்தடிக்கிற வீட்டுக்காரங்ககிட்ட அவரும் அந்த பேப்பர காட்டட்டும். தனியார்ல சார்ட்டர்டு இன்ஜினியர் இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா 47 ஆயிரம் கேஸுக்கு அவங்களுக்கு எவ்வளவு குடுக்குறது. ஆணையத்துல கேஸ் போட்டப்புறம் ஆளை நியமிச்சு வந்து பாக்கச் சொல்லிக் கேக்கலாம், ஆனா அந்த ஆள் வர்ற வரைக்கும் பாத்ரூம பொளந்து வச்சுக்கிட்டு எந்தக் குடும்பம் இருக்கும். பேப்பர் ஒடச்ச அன்னைக்கே வேணும், இல்லன்னா மறுநாள். தாம்பரம் மாநகராட்சியே இதுக்கு ஒரு போன் நம்பர் வச்சா கூட எங்க ஏரியாவுக்கு போதும், எட்டு வீடு பத்து வீடு ஃபிளாட்ஸ் இங்க தெருவுக்கு தெரு இருக்கு, எல்லாம் இருபது இருபத்தஞ்சு வருஷம் ஆனது, எல்லா வீட்டுலயும் ஜிஐ பைப்பு ஒரே நேரத்துல போயிட்டு இருக்கு.

அது வர்ற வரைக்கும், இப்ப வேலைக்கு ஆள் விடப் போறவங்க ஒன்னு பண்ணுங்க. டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி, பைப்பு எல்லாம் வெளிய தெரியும்போதே ப்ரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, டிராப்ல ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி கீழ் வீட்டுல போய் பாருங்க, வாட்டர் ப்ரூஃபிங் அடிச்சதும் வாசல்ல சின்னதா அணை கட்டி ரெண்டு நாள் தண்ணி தேக்கி வையுங்க. சொன்னா "எங்க மேல நம்பிக்கை இல்லையா மேடம்"னு மூஞ்சி தூக்கிப்பாங்க, தூக்கட்டும். கடைசி பணத்துல கொஞ்சம் மூணு மாசத்துக்கு நிறுத்தி வைப்பேன்னு மொதல்லயே சொல்லி, அத மெசேஜ்ல எழுதி வாங்கிக்குங்க, அப்புறம் ஒழுகலன்னா அந்தப் பணத்த அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க. நம்ம ஆளுங்க நிறுத்தி வைக்கிறதுல கெட்டி, குடுக்குறதுலதான் மறந்துடுவாங்க.

எங்க கேஸ் இன்னும் முடியல. காண்ட்ராக்டர் தரப்புல பதில் வந்துருக்கு, "மனுதாரர் மூன்றாம் நபரைக் கொண்டு பணியைச் சேதப்படுத்தியுள்ளார்"னு நல்ல தமிழ்ல எழுதியிருக்காங்க, எனக்கு எழுதிக் குடுத்த கொட்டேஷன் நாலு வார்த்தை, இது மூணு பக்கம். கீழ் வீட்டு சீலிங்குக்கு பெயிண்ட் அடிச்சாச்சு, ஆனா அக்கா அந்த அலுமினிய தட்ட இன்னும் கழட்டல, இருக்கட்டும்டி ஒரு மழை போகட்டும்ங்குறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை.

பின்குறிப்பு: கேசரி பவுடர் ஒரு பக்கெட்டுக்கு கால் ஸ்பூன் போதும். நான் பயத்துல முழு பாக்கெட்டையும் கொட்டச் சொல்லி, கலக்கும்போது சிந்துனது டைல்ஸ் இடுக்குல ஊறி பாத்ரூம் வாசப்படி இன்னும் ஆரஞ்சு கலர்லதான் இருக்கு.